கோழி ரத்தம் குடிக்கும் ராத்திரி திருடன்! பேன், செள்ளு, உண்ணியை ஒழிப்பது எப்படி?

"நல்லா முட்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு நிறுத்திருச்சு. கொண்டை வெளுத்துப் போச்சு. தீனியும் குறைக்கல, கழிச்சலும் இல்ல. என்ன நோவுன்னே தெரியல..."

வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பக்கத்து வீட்டுக்காரர் கண் பட்டுவிட்டது என்பார்கள். சீசன் சரியில்லை என்பார்கள். கடைசியில் கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிடுவார்கள்.

ஆனால் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி கோழி தூங்கும் கூட்டுக்குள்ளேயே ஒளிந்து கிடக்கிறது. பகலில் பலகை இடுக்கில் பதுங்கி, ராத்திரி வெளியே வந்து, கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிப் போய்விடுகிறது. பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

2019-ம் ஆண்டு நடந்த 20-வது கால்நடை கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 12 கோடிக்கும் அதிகமான கோழி இனங்கள் இருப்பது தெரிய வந்தது. நாட்டிலேயே முதல் இடம் நமக்குத்தான். இதில் பண்ணைக் கோழிகளே அதிகம். ஆனாலும் வீட்டுக்கோழி வளர்ப்பும் குறையவில்லை. நாடு முழுவதும் பார்த்தால் வீட்டுக்கோழிகள் 31 கோடியைத் தாண்டிவிட்டன. 2012 கணக்கெடுப்பை விட இது சுமார் 46 சதவீதம் அதிகம்.

பண்ணைக் கோழியைப் பார்த்துக்கொள்ள தனி டாக்டர் இருப்பார். வீட்டுக்கோழியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பவர்கள்தான் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ...

மொத்தம் 6 எதிரிகள்

பேன், செள்ளு, தெள்ளு, உண்ணி என்று ஊருக்கு ஊர் வாய்க்கு வந்த பெயரில் கூப்பிடுகிறார்கள். எல்லாம் ஒன்று என்று நினைத்து ஒரே மருந்தை அடிக்கிறார்கள். அதனால்தான் பாதிப் பேருக்கு மருந்து வேலை செய்வதில்லை. எது எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே அடிக்க வேண்டும் என்பது தெரியும்.

1. கோழிப்பேன்: வெளிர் மஞ்சள் நிறத்தில், எள்ளை விடச் சின்னதாக, தட்டையாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும். இறகை விலக்கியதும் வேகமாக ஓடி ஒளியும். கோழியின் ஆசனவாயைச் சுற்றியும், இறக்கைக்கு அடியிலும் அதிகம் இருக்கும். இறகின் அடிக்குருத்தில் வெள்ளைத் திட்டாக, ரவையை ஒட்டி வைத்த மாதிரி கட்டியாகத் தெரிந்தால் அது ஈர், அதாவது பேன் முட்டை.

கோழிப்பேன் பெரும்பாலும் தோல் செதிலையும் இறகையும் தின்று வாழும். சில வகை, குருத்து இறகைக் கடித்து அதில் கசியும் ரத்தத்தையும் தின்னும். பிறப்பு முதல் சாவு வரை இதற்குக் கோழி உடம்புதான் வீடு. கோழியை விட்டுப் பிரிந்தால் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். அதனால் இதை ஒழிப்பது மற்றதை விட சுலபம்.

2. சிவப்புச் செள்ளு: இதுதான் தலைப்பில் சொன்ன ராத்திரி திருடன். ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம். ரத்தம் குடித்த பிறகு சிவப்பு. பகலில் கோழி மேல் இருக்காது. கூட்டின் பலகை இடுக்கு, ஆணி அடித்த ஓட்டை, மூங்கில் கணு, கோழி உட்காரும் குச்சியின் அடிப்பக்கம், சுவர் வெடிப்பு, இங்கெல்லாம் கூட்டம் கூட்டமாக இருக்கும்.

வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளில் முட்டையில் இருந்து முழுப் பூச்சி ஆகிவிடும். அதனால்தான் "போன வாரம் ஒண்ணும் இல்லையே, இந்த வாரம் இப்படி மொய்க்குதே" என்று ஆச்சரியப்படுகிறார்கள். இன்னொரு ஆபத்து, ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோழியை எல்லாம் விற்றுவிட்டு, கூட்டை சும்மா போட்டுவைத்து, பிறகு புதுக்கோழி வாங்கி விட்டால் முதல் ராத்திரியே விருந்து வைத்த மாதிரிதான்.

3. உடம்புச் செள்ளு: பார்க்க சிவப்புச் செள்ளு மாதிரியே இருக்கும். ஆனால் இது பகலிலும் கோழி மேலேயே இருக்கும். ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகு கருத்து, பிசுபிசுவென்று அழுக்காகக் கிடந்தால் இதன் வேலை. கோழியைத் தூக்கியவுடன் கையில் ஏறி ஊரும். அடைகாக்கும் இடத்திலும் பெருகும்.

4. கோழி உண்ணி: நாய், மாட்டில் பார்க்கும் உண்ணி வேறு, இது வேறு. உடம்பு தட்டையாக, தோல் மாதிரி சுருக்கத்தோடு இருக்கும். ரத்தம் குடித்ததும் நீலம் கலந்த கரு நிறத்தில் உப்பும். பெரிய உண்ணி ராத்திரியில் வந்து அரை மணி நேரத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டு வெடிப்புக்குள் போய்விடும். குட்டி உண்ணி மட்டும் சில நாட்கள் இறக்கைக்கு அடியில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் கூட தாக்குப் பிடிக்கும்.

5. ஒட்டுத் தெள்ளு: கண்ணைச் சுற்றியும், கொண்டையிலும், தாடையிலும் கருப்பு மிளகுத் தூளைத் தூவியது போல ஒட்டியிருக்கும். கையால் தட்டினால் விழாது. நாய், பூனை மேலும் ஏறும். முட்டை மண்ணில் விழுந்து, புழுவாகி, அங்கேயே வளரும். கண் இமையில் அதிகமாக ஒட்டினால் கோழிக்குப் பார்வை போய், இரை பொறுக்க முடியாமல் பட்டினியில் செத்துவிடும்.

6. செதில் கால் பூச்சி: இது கண்ணுக்கே தெரியாது. கால் செதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வாழும். செதில் தூக்கிக்கொண்டு, காலில் சுண்ணாம்பைப் பூசிய மாதிரி வெள்ளையாகக் கெட்டிப்படும். "வயசான கோழி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். வயசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முற்றினால் கோழி நொண்டும், விரல் கூட விழுந்துவிடும்.

10 நிமிட சோதனை

சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு முறை பார்க்க வேண்டும். பகலில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம்.

பகல் சோதனை: கோழியைப் பிடித்து மடியில் தலைகீழாக இல்லாமல் சாய்த்துப் படுக்க வையுங்கள். வெயில் வெளிச்சத்தில் முதலில் ஆசனவாய் இறகை விலக்கிப் பாருங்கள். அடுத்து இறக்கைக்கு அடி, கழுத்து, கண், கொண்டை, கடைசியாகக் கால். ஒரு கோழியைப் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. இளைத்துப்போன கோழியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ராத்திரி சோதனை: 9 மணிக்கு மேல் டார்ச்லைட்டோடு கூட்டுக்குப் போங்கள். ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, கோழி உட்கார்ந்திருக்கும் குச்சியின் அடிப்பக்கம் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம், சிவப்புச் செள்ளு இருக்கிறது. அந்தச் சிவப்பு உங்கள் கோழியின் ரத்தம்தான்.

பகலிலும் ஒரு அடையாளம் உண்டு. பலகை இடுக்கில் உப்பும் மிளகும் கலந்து கொட்டிய மாதிரி சாம்பல் நிறத் தூள் தெரியும். அது செள்ளின் எச்சமும், அது உரித்த தோலும்.

இறகு கொட்டினால் எல்லாமே பேன் என்று முடிவு கட்டக் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை கோழி இறகு உதிர்ப்பது இயற்கை. அப்போது புது இறகு முளைக்கும், தோல் சுத்தமாக இருக்கும். முதுகில் மட்டும் இறகு போயிருந்தால் சேவல் மிதித்ததாக இருக்கலாம். பூச்சியையோ, ஈரையோ கண்ணால் பார்த்த பிறகுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடைக்கோழி ஏன் எழுந்து ஓடுகிறது?

அடை வைத்த கோழி பாதியில் முட்டையை விட்டு எழுந்து போய்விட்டால் "இது நல்லா அடைகாக்காத கோழி" என்று பட்டம் கட்டிவிடுவார்கள். 21 நாள் உட்கார வேண்டிய கோழி ஏன் எழுந்தது என்று கூடையைக் கிளறிப் பார்ப்பதில்லை.

அடைக்கோழி நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். மண்ணில் புரண்டு குளிக்கவும் போகாது. கூடையிலோ சூடு இருக்கிறது, இருட்டு இருக்கிறது, பக்கத்திலேயே ரத்தமும் இருக்கிறது. செள்ளுக்கு இதை விட சொகுசான இடம் கிடையாது. கடி தாங்காமல்தான் கோழி எழுந்து ஓடுகிறது. ஒரு ஈட்டு முட்டை மொத்தமும் வீணாகிறது.

தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஆபத்துதான். பொரித்த குஞ்சு மேல் செள்ளு ஏறும். உள்ளங்கை அளவு குஞ்சின் உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கும்? இரண்டு மூன்று நாளில் சோர்ந்து, இறக்கையைத் தொங்கப்போட்டு, ஒவ்வொன்றாகச் செத்துவிழும்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டு, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இடிச் சத்தத்தில் முட்டை கெடாமல் இருக்க என்பார்கள். செள்ளு அதற்கெல்லாம் பயப்படாது. அடை வைப்பதற்கு முன் கூடையில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, புது மணலும் புது வைக்கோலும் போடுவதுதான் பாதுகாப்பு. அடை வைக்கும் கோழிக்கும் முன்கூட்டியே பேன், செள்ளு பார்த்துவிட வேண்டும். கோழி உட்கார்ந்த பிறகு கூடையில் மருந்து அடிக்கக் கூடாது. பொரிக்கும் குஞ்சு அந்த விஷத்தில்தான் கண் திறக்கும்.

கழிச்சலா? உண்ணியா?

கோழி உண்ணி ரத்தம் குடிப்பதோடு விடுவதில்லை. ஒரு விதக் கிருமியையும் உள்ளே விட்டுவிட்டுப் போகிறது. அதனால் கடும் காய்ச்சல் வரும். கோழி தூங்கித் தூங்கி விழும், பச்சையாகக் கழியும், கால் இழுத்துக்கொள்ளும், சில நாளில் செத்துப்போகும்.

இதைப் பார்த்ததும் பலரும் "வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சு" என்று முடிவு செய்கிறார்கள். ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்லும் வெள்ளைக்கழிச்சலிலும் பச்சைக் கழிச்சல் உண்டு, கால் இழுப்பதும் உண்டு. அதனால் குழப்பம் வருவது சகஜம்.

ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். வந்த பிறகு மருந்து கிடையாது, வராமல் தடுக்கத் தடுப்பூசிதான். உண்ணி பரப்பும் காய்ச்சல் பாக்டீரியா நோய். பென்சிலின் போன்ற மருந்தால் குணப்படுத்த முடியும். காப்பாற்றக்கூடிய கோழியை "இனி பிழைக்காது" என்று கைவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

எனவே இப்படி அறிகுறி தெரிந்தால், கூட்டின் வெடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டைப் பிடித்து மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, கோழியோடு சேர்த்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். போக முடியாதவர்கள் 1962 என்ற இலவச எண்ணில் பேசி விவரம் கேட்கலாம். கூட்டில் இரண்டு மூன்று கோழி அடுத்தடுத்து செத்தால் கறி வைத்துச் சாப்பிடாமல், உடனே மருந்தகத்தில் தகவல் சொல்ல வேண்டும்.

முதலில் கூடு, பிறகு கோழி

ஒழிக்கும் வேலையை ஒரே நாளில் முடிக்க வேண்டும். இன்றைக்குக் கோழிக்கு மருந்து, அடுத்த வாரம் கூட்டுக்கு என்று தள்ளிப் போட்டால் பலன் இல்லை. மருந்து போட்ட கோழி அன்று ராத்திரி பழைய கூட்டில்தானே படுக்கப் போகிறது?

நல்ல வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, காலையிலேயே கோழியை வெளியே விட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

* கூட்டில் உள்ள வைக்கோல், உமி, எச்சம் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். வாசலில் குவித்து வைக்காதீர்கள், பூச்சி நடந்து திரும்பி வந்துவிடும். வீட்டை விட்டுத் தள்ளிக் குழியில் போட்டு மண் மூடுங்கள்.

* கோழி உட்காரும் குச்சியைக் கழற்றி வெயிலில் போடுங்கள். ஆணி ஓட்டை, இடுக்கு எல்லாவற்றிலும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சாரம், முட்டைக் கூடைக்கும் இதே வைத்தியம்தான். குழந்தைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* காய்ந்ததும் வெடிப்பு, ஓட்டைகளை சிமெண்டோ களிமண்ணோ வைத்து அடையுங்கள். பூச்சிக்கு ஒளிய இடம் இல்லாமல் செய்வதுதான் நிரந்தர வைத்தியம்.

* சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து உள்ளேயும் வெளியேயும் அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கோழியை உள்ளே விட வேண்டும். ஈரச் சுண்ணாம்பு கோழியின் கண்ணையும் காலையும் பொத்துவிடும்.

* ஓலைக் கூரை, மரக் கூட்டில் தீப்பந்தம் காட்டிப் பூச்சியைக் கொளுத்தும் வேலை வேண்டவே வேண்டாம். பக்கத்தில் குடிசை இருந்தால் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சாயங்காலம் கோழி கூட்டுக்குத் திரும்புவதற்கு முன் கோழிக்கு மருந்து போட வேண்டும். பேன், உடம்புச் செள்ளு இருந்தால் கால்நடை டாக்டர் எழுதிக் கொடுக்கும் பவுடரை ஆசனவாயைச் சுற்றியும், இறக்கைக்கு அடியிலும் இறகை விலக்கித் தோலில் படும்படி தடவ வேண்டும். இறகுக்கு மேலே தூவினால் கோழி உதறிவிடும், காசுதான் வீண். கண், மூக்கு, வாயில் படக் கூடாது. போடுபவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்வது நல்லது.

மருந்து தண்ணீரில் முக்கி எடுக்கச் சொன்னால், காலை 10 மணி வெயிலில் மட்டும் செய்யுங்கள். தலை வெளியே இருக்க வேண்டும். மழை நாளில், குஞ்சுக்கு, நோஞ்சான் கோழிக்கு முக்கல் வேண்டாம். விறைத்துச் செத்துவிடும்.

வேப்பெண்ணெய் வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலப்பதற்காகக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துக் கூட்டின் இடுக்குகளில் அடிக்கலாம். வேம்பு பூச்சியை உடனே சாகடிப்பதில்லை. வளர்ச்சியையும் முட்டை வைப்பதையும் தடுக்கும். அதனால் தொடர்ந்து அடிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவர்களுக்கு இது உதவும். கூடு முழுக்க மொய்க்கும் நிலையில் வேப்பெண்ணெயை மட்டும் நம்பினால் கோழி தாங்காது.

வசம்பு, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் அரைத்துக் கரைத்துத் தடவும் கை வைத்தியமும் கிராமங்களில் உண்டு. இதுவும் லேசான தொல்லைக்குத்தான்.

செதில் காலுக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை 10 நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேயுங்கள். செதிலைப் பிய்க்கக் கூடாது, ரத்தம் வரும். துடைத்துவிட்டு வேப்பெண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ, வாசலினோ கெட்டியாகப் பூசுங்கள். காற்று போகாமல் பூச்சி சாகும். 2 நாளுக்கு ஒரு முறை, 3 வாரம் விடாமல் செய்ய வேண்டும். குணமாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மண்ணெண்ணெய், வண்டியில் இருந்து வடித்த கழிவு ஆயில் பூசுவது தப்பு. தோல் வெந்துவிடும்.

ஒட்டுத் தெள்ளுக்கு வாசலினைக் கெட்டியாகத் தடவினால் பிடி தளரும். கண் ஓரம் விரலால் மெல்லத் தடவுங்கள். கூட்டைச் சுற்றியுள்ள மேல் மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்த வேண்டும். வீட்டில் நாய், பூனை இருந்தால் அவற்றுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

10 நாள் கணக்கு

"மருந்து போட்டேன், போயிருச்சு. பத்தே நாள்ல மறுபடியும் வந்துருச்சு. மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு.

பெரும்பாலும் தப்பு மருந்தில் இல்லை. மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. இறகில் ஒட்டிய ஈரும், இடுக்கில் கிடக்கும் செள்ளு முட்டையும் சில நாளில் பொரித்துவிடும். அந்தப் புதுப் பூச்சி வளர்ந்து முட்டை வைப்பதற்குள் இரண்டாவது முறை மருந்து போட்டுவிட்டால் கதை முடிந்தது.

அதனால் முதல் மருந்து போட்ட அன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாவது முறை, கோழிக்கும் கூட்டுக்கும் சேர்த்து. அதற்கு அடுத்த வாரம் மறுபடியும் வெள்ளைத்துணி சோதனை. சிவப்புக் கோடு விழுந்தால் மூன்றாவது முறை. உண்ணி உள்ள கூடு என்றால் மாதக்கணக்கில் கண்காணிப்பு வேண்டும்.

வயல் மருந்து... உஷார்!

எல்லாவற்றையும் விட ஆபத்தான விஷயம் இது. செடிக்கு அடித்த மருந்து மிச்சம் இருக்கிறது, நாய்க்கு வாங்கிய ஸ்பிரே இருக்கிறது என்று எடுத்துக் கோழி மேல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கோழிப்பேனுக்கு ஒரு காலத்தில் கார்பரில் பவுடர் பலரும் பயன்படுத்தியதுதான். மத்திய அரசு 2018-ல் அதைத் தடை செய்துவிட்டது. அதே உத்தரவின்படி டைக்குளோர்வாஸ் மருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய பாட்டில், பழைய டப்பா பரணில் கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

கோழி தன் இறகை அலகால் கோதும். மேலே அடித்த விஷம் அப்படியே வயிற்றுக்குப் போகும். வயிற்றில் இருந்து முட்டைக்குப் போகும். முட்டையில் இருந்து நம் வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு வரும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பணக்கார நாடுகளிலேயே நடந்திருக்கிறது. 2017-ம் ஆண்டு நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளில் இருந்து திரும்பப் பெற்று அழித்தார்கள். காரணம், பண்ணைகளில் இதே சிவப்புச் செள்ளை ஒழிக்க அடித்த திரவத்தில் பிப்ரோனில் என்ற மருந்து கலந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அங்கே அதற்கு அனுமதி கிடையாது. முட்டையில் அது இருப்பது தெரிந்ததும் பல பண்ணைகளை இழுத்து மூடினார்கள். அதே பிப்ரோனில்தான் நம் ஊரில் நெல் வயலுக்கும், நாய் உண்ணி ஸ்பிரேயிலும் இருக்கிறது.

எனவே கால்நடை டாக்டர் சொன்ன மருந்தை மட்டும், அவர் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள். வாங்கும்போதே, "எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக் கூடாது, எத்தனை நாளைக்குக் கறிக்கு அடிக்கக் கூடாது?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போடும்போது தீனித் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், முட்டை எதுவும் கூட்டில் இருக்கக் கூடாது. பெர்மெத்ரின் வகை மருந்து என்றால் வீட்டுப் பூனையைத் தள்ளி வையுங்கள், பூனைக்கு அது விஷம். மீன் வளர்க்கும் தொட்டியிலும் ஒரு சொட்டு விழக் கூடாது.

மனுஷனையும் கடிக்குமா?

கடிக்கும். கூடு படுக்கை அறைச் சுவரை ஒட்டி இருந்தாலோ, மாடிப்படிக்குக் கீழே இருந்தாலோ செள்ளு வீட்டுக்குள் வரும். ராத்திரியில் அரிப்பு, காலையில் சிவப்புத் தடிப்பு. மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. கோழிச் செள்ளு மனுஷ உடம்பில் குடியிருக்காது, குட்டி போட்டுப் பெருகாது. குளித்து, துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து, கூட்டைச் சுத்தம் செய்தால் தானாக நின்றுவிடும். தடிப்பு பெரிதானால் டாக்டரைப் பாருங்கள். கோழிப்பேன் மனுஷத் தலையில் ஏறி வளரும் என்ற பயம் தேவை இல்லை.

மறுபடியும் வராமல் இருக்க...

* சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தோடு விடாதீர்கள். தனியாக 2 வாரம் வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள். பேனும் செள்ளும் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

* ஒரு பழைய டயர் அல்லது அகலமான தொட்டியில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து நிழலில் வையுங்கள். கோழி தானாகவே புரண்டு குளிக்கும். பேனுக்கு எதிராகக் கோழியே செய்துகொள்ளும் வைத்தியம் இது. மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாடியில் சிமெண்டுத் தரையில் வளர்ப்பவர்கள் கட்டாயம் வைக்க வேண்டும்.

* அலகு வெட்டிய பண்ணைக் கோழியை வாங்கி வளர்த்தால் அதைக் கூடுதலாகக் கவனியுங்கள். இறகை சரியாகக் கோத முடியாததால் அதற்குப் பேன், செள்ளு அதிகம் பிடிக்கும்.

* கூட்டின் மேல் புறா, காகம், சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தால் அவற்றில் இருந்தும் செள்ளு இறங்கி வரும். குஞ்சு பறந்த பிறகு பழைய கூட்டை அகற்றுங்கள்.

* வாரம் ஒரு முறை வைக்கோல் மாற்றுங்கள். மாதம் ஒரு முறை வெள்ளைத்துணி சோதனை. வருஷத்துக்கு இரண்டு முறை சுண்ணாம்பு.

ஒரு முட்டைக்கோழி போனால், பிள்ளைக்குக் கொடுக்கும் முட்டையும் போச்சு, அவசரத்துக்கு விற்று எடுக்கும் காசும் போச்சு. சுண்ணாம்புக்கும் சாம்பலுக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை. டார்ச்லைட் எல்லார் வீட்டு செல்போனிலும் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி 9 மணிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு கூட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.